உறங்கும் வித்து

தண்டலம் கல்லூரி ஆய்வகத்தில் எழிலரசியும் அவள் கணவன் ஜெபகுமாரும் வெள்ளரி இலைகளில் அடிச்சாம்பல் நோய்க் கிருமியை வளர்த்துவந்தார்கள். அதில் ஆண், பெண் போல இரண்டு இனம்; ஆளுக்கு ஒன்றை மூடிய பெட்டியில் தனித்தனியாக வைத்திருந்தார்கள். இரண்டும் கூடினால்தான் மண்ணில் பல வருடம் உறங்கக்கூடிய வித்து உண்டாகும். ஒரகடம் சாலை விபத்தில் ஜெபகுமார் இறந்தபின், கவனிக்க ஆளில்லாமல் அவன் இலைகள் காய்ந்து, அந்த இனமும் செத்துப்போனது.

அடுத்த மாதம் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எழிலரசியின் இலை நிறைய அந்த உறங்கும் வித்துகள் இருந்தன.

"வெளியேர்ந்து இன்னாவோ கலந்துகிச்சிம்மா. கொளுத்திடவா?" என்றார் உதவியாளர் பரசுராமன்.

"பெட்டிய யாரும் தொறக்கலண்ணே. என்கிட்ட குடுங்க."

மாலையில் அவள் ஜெபகுமாரின் கல்லறைக்குப் போய், கையால் மண்ணை விலக்கி, அந்த இலையை உள்ளே வைத்தாள். மதியமெல்லாம் மழை பெய்திருந்தது. ஆனாலும் மண் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.