வந்த வாசல்

செண்பகவல்லி வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வுக்காகக் கணினியில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சேதிகளுக்கு வழிகாட்டும் நடு ரவுட்டரின் ஒரே வாசலில் இரண்டு கிளை அலுவலகங்களின் இணைப்புகளும் வந்து சேர்ந்தன. ஒரு வாசலில் கேட்ட பாதைச் சேதியை அதே வாசலில் திருப்பிச் சொல்லக்கூடாது என்பது நடு ரவுட்டருக்கு விதி. பாடத்தில் சொன்னபடி அந்த விதியை நீக்கினாள். அதுவரை ஒன்றையொன்று அறியாதிருந்த கிளைகளுக்குத் திரையில் பாதை தெரிந்தது.

அப்போது அம்மா போனில் அழைத்தாள். புருஷனின் அடிக்குத் தப்பி இவள் எந்த விடுதியில் ஒளிந்திருக்கிறாள் என்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

“மாப்பிள்ள நம்ம வாசல்ல நின்னு அழுதாருடி. மனசு கேக்கல, சொல்லிட்டேன். நேத்தே கெளம்பிட்டாரு.”

செண்பகவல்லி விதியைத் திரும்பப் போட்டாள். திரையில் பாதை அழிந்தது.

கீழே விடுதிக் காவலாளி யாரிடமோ பணிவாகக் கேட்டார்: “எந்தப் பொண்ணப் பாக்கணும், சார்?”