மூன்றாவது பெட்டி

சைத்ரா கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினாள். நேற்று ஜெயநகரில் வாங்கிய காலி பென்டிரைவ் அது. இன்னும் கால் மணி நேரத்தில் மங்களூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தப் பெரிய திரை முன்னால் வந்து உட்காருவார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் நாகபூஷண் வந்தார். "இங்க என்ன பண்றே?"

"ஒருதடவை சரிபாத்துடலாம்னு சார்."

"முடிச்சுட்டு பின் வரிசைல போய் உக்காரு. யார் என்ன கேட்டாலும் நான் பேசிக்கறேன்."

அவர் திரும்பியதும் பென்டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

ரத்த வங்கிக்கான மென்பொருள் அது. நர்ஸ் பதிவை முடித்து மூடப் போனால் ஆறேழு கேள்விப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். பிரிண்டர் இல்லை, சேமிக்கவா, புதிய பதிப்பு வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கும். ஆபத்தான கேள்வியும் அந்தக் கும்பலில்தான் இருக்கும். 'யாரும் படிக்க மாட்டாங்க சார்' என்று சைத்ரா அப்போதே சொன்னாள். 'படிக்கறது அவங்க வேலை' என்றார் நாகபூஷண்.

போன வருஷம் மங்களூரில் ஒரு நர்ஸ் படிக்காமல் அழுத்திவிட்டாள். தவறான ரத்தப் பை கட்டில்வரை போய், கடைசி நிமிஷத்தில் டாக்டர் கண்ணில் பட்டது. தானே செய்த பெட்டிகளை வடிவமைத்தது சைத்ரா என்று நாகபூஷண் ஆஸ்பத்திரிக்குப் பதில் கடிதம் எழுதினார்.

எட்டு மாதம் உட்கார்ந்து அவள் அதை மாற்றினாள். சில்லறைக் கேள்விகள் எல்லாம் ஓரத்தில் ஒரே பட்டியலாகக் காத்திருக்கும். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் நடுவில் தனியாக வரும். ரத்தப் பிரிவைக் கையால் அடிக்காமல் அது நகராது. நேற்று அதன் முகப்பைத் திறந்தால், 'வடிவமைப்பு: நாகபூஷண்' என்றிருந்தது.

பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தலைமை நர்ஸ் பிலோமினா காபியைக்கூடத் தொடாமல் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

"பழசை செஞ்சவங்க தப்பு பண்ணிட்டாங்க" என்று நாகபூஷண் பின் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது முழுக்க நானே உக்காந்து செஞ்சது. ஒரு நோயாளிக்கு ரத்தம் குடுக்கற மாதிரி செஞ்சு காட்டறேன்."

பேரை அடித்தார், பையின் எண்ணை அடித்தார். மூடப்போனபோது பொலபொலவென்று பெட்டிகள் விழுந்தன. ஒரு விநாடி திகைத்தவர், "இதெல்லாம் சும்மா சின்னச் சின்ன விஷயம்" என்று சிரித்தபடி, என்டரைத் தட்டித் தட்டி எல்லாவற்றையும் துடைத்தெறிந்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் பிலோமினா. "மூணாவது பெட்டி என்ன கேட்டுச்சு?"

"அது... சேமிக்கணுமான்னு."

"ரத்தப் பிரிவு பொருந்தல, ஏத்தலாமான்னு கேட்டுச்சு. நீங்க ஆமான்னு தட்டினீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "இதுக்குத்தான் எங்க ஜெசிந்தாவை வேலைய விட்டு அனுப்பினாங்க. அவ தட்டும்போது பக்கத்துல ரெண்டு போன் அடிச்சிட்டு இருந்துச்சு. உங்களுக்கு என்ன அவசரம்?"

நாகபூஷணின் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. சைத்ரா அதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். அந்தக் கடிதம் போன நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான்.

"இது நான் செஞ்சது இல்ல" என்று அவர் பின் வரிசையை நோக்கி விரலை நீட்டினார். "காலைல இவ இந்த கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தா. என்னைக் கவுக்கணும்னே உள்ள எதையோ போட்டிருக்கா. என்னத்தைப் போட்டே, சொல்லு."

எல்லாத் தலைகளும் திரும்பின. சைத்ரா மெல்ல எழுந்து நின்றாள்.

"எதையும் போடல சார். நான் செஞ்சதை மட்டும் எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது நீங்க செஞ்சது."