டிரம்ஸ்: முத்துசெல்வி

“அக்கா, ஷட்டரப் பூட்டுங்க! அத்தா இரும்புக் கம்பியோட வாராரு. புதுப் பாட்டக் கேட்டதுலருந்து ஆளு ஆளா இல்ல. கைய ஒடிக்காமத் திரும்ப மாட்டேன்னுட்டுப் போறாரு!”

போனில் கத்தியவன் ஹம்தான். அவன் அப்பா சம்சுதீன், ‘உரசல்’ ராக் குழுவில் இருபத்தேழு வருஷம் டிரம்ஸ் வாசித்தவர். போன தை மாதம் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் இருந்த முக்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் முத்துசெல்வி.

அவள் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கோவில்பட்டிக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ்தான் அவர்கள் வாசிக்கும் இடம். சுவர் முழுக்கப் பஞ்சுக் கழிவு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். பஞ்சு எதிரொலியை விழுங்கிவிடும், பதிவு சுத்தமாக இருக்கும். உள்ளே எவ்வளவு அலறினாலும் ரோட்டுக்குக் கேட்காததும் அதே பஞ்சால்தான்.

அன்று காலைதான் ஆல்பம் வெளியாகியிருந்தது. போன் வருவதற்குச் சற்று முன்புதான் இசக்கிபாண்டி முதல் பாட்டை ஓடவிட்டிருந்தான். அவன் பேஸ் கிடார் வாசிப்பவன்.

பதினெட்டு நிமிஷப் பாட்டு. ஆறும் ஐந்துமாகப் பதினோரு அடி. காது பன்னிரண்டாவதற்குக் காத்திருக்கும்போது பாட்டு மறுபடி ஒன்றில் நிற்கும். மாடிப்படி முடிந்தது தெரியாமல் கால் வைத்த மாதிரி வயிற்றில் ஒரு திடுக்கிடல் வரும். அதுதான் இந்த இசையின் ருசி. அன்று ஆறாவது அடி ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது போலிருந்தது. ஸ்பீக்கர் கோளாறு என்று முத்துசெல்வி நினைத்துக்கொண்டாள்.

“அமத்துலே, சாப்பிட்டுட்டுக் கேப்போம்” என்று குழுத் தலைவர் சங்கரபாண்டியன் பன்னிரண்டாவது வினாடியிலேயே நிறுத்திவிட்டார். காலையிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய ரசிகர்கள் புது ஆளை ஏற்றுக்கொள்வார்களா என்ற கவலை.

உண்மையில் இந்த ஆறு பாட்டையும் முதலில் வாசித்துப் பதிந்தவர் சம்சுதீன்தான். அதற்குப் பிறகுதான், இடது கை தளர்ந்து அடி பிந்துகிறது என்று அவரை அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி வரிசையில் இருக்கும். மற்றவற்றைத் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றலாம். அதனால் முத்துசெல்வி மட்டும் எட்டு மாதம் உட்கார்ந்து ஆறு பாட்டையும் மறுபடி வாசித்தாள்.

இசக்கிபாண்டி இழுத்துப் பூட்டிய ஷட்டரில் அடி விழுந்தது. மூன்றாவது அடியில் கொண்டி தெறித்தது. உச்சி வெயில் முதுகில் எரிய, சம்சுதீன் உள்ளே வந்தார்.

“பாய், நில்லும்! பேசித் தீத்துக்கிடுவோம்” என்று இசக்கிபாண்டி குறுக்கே பாய்ந்தான். கம்பி அவன் தோளில் இறங்கியது.

“பேசவாலே வந்தேன்? தள்ளுலே!”

அவர் நேராக டிரம்ஸை நோக்கி வந்தார். முத்துசெல்வி குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தலைக்கு மேலே மூச்சு இரைத்தது. அவள் விரல்கள் ஒடியக் காத்திருந்தன.

ஒடிந்தது கிடார். அடுத்து ஒலிக்கலவை மேஜையும் அதன்மேலிருந்த கம்ப்யூட்டர் திரையும். கண்ணாடிச் சில்லு அவள் கன்னத்தைக் கீறியது. கண்ணைத் திறந்தபோது சம்சுதீன் சங்கரபாண்டியனைச் சுவரோடு நெருக்கியிருந்தார். தடுக்கத் தூக்கிய மணிக்கட்டில் கம்பி விழுந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சி முறிகிற சத்தம்.

“பொறாமைலே உனக்கு!” சங்கரபாண்டியன் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார். “ஒன் எடத்துல ஒரு பொம்பளப்புள்ள உக்காந்தது பொறுக்கல!”

இசக்கிபாண்டி சிம்பல் ஸ்டாண்டைத் தூக்கி சம்சுதீன் பின்மண்டையில் வீசினான். அவர் குப்புற விழுந்தார். அவர் முதுகில் ஏறி முழங்காலால் அழுத்தினான். சிமெண்டுத் தரையில் ரத்தம் மெதுவாகப் பரவியது.

கம்பி உருண்டு முத்துசெல்வியின் காலடியில் வந்து நின்றது. அவள் அதை எடுத்தாள்.

“நூல்மில்லு வேலைய விட்டுட்டு வந்தேன் பாய். எட்டு மாசம். வெரல் தோலு உரிஞ்சி, துணியச் சுத்திக்கிட்டு அடிச்சேன். ஆல்பத்து அட்டையில இன்னைக்குத்தான் மொதமொதலா எம் பேரு வந்திருக்கு. அதக் கெடுக்கவா வந்திய?”

“என்னட்டி கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கே? போடு! ரெண்டு கையயும் ஒடி!” என்றார் சங்கரபாண்டியன்.

இசக்கிபாண்டி சம்சுதீனின் வலது கையை இழுத்துத் தரையில் விரித்துப் பிடித்தான். முத்துசெல்வி கம்பியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே ஓங்கினாள்.

சம்சுதீன் கம்பியைப் பார்க்கவில்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, சுவரோரம் நின்ற சங்கரபாண்டியனை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தப் புள்ள வாசிச்சதத் தூக்கிட்டு, எதுக்குலே என் பழைய வாசிப்பப் போட்ட?”