ஆளில்லாத அறை

"கண்ணாடியை எங்க வச்சேன்னே தெரியல. நீயே படிச்சுச் சொல்லு" என்றார் பேராசிரியர், மேஜையைத் துழாவியபடி.

ஆய்வு மாணவி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். கட்டடத்தின் எல்லா அறைகளிலும் அவள் மாட்டியிருந்த கம்பியில்லா சென்சார்கள், உள்ளே ஆள் இருந்தால் உடனே தகவல் அனுப்பும். அந்தத் தகவல் பொய்க்கவே கூடாது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

"எல்லாம் சரியா இருக்கு சார். பழைய சாமான் ரூம் மட்டும்தான், தினமும் மத்தியானம் உள்ள ஆள் இருக்குன்னு காட்டுது."

"பூட்டிக் கிடக்கிற ரூம்ல யாரு, பேயா குடியிருக்கு?"

"பேட்டரி மாத்தினேன். சென்சாரையே மாத்தியும் பார்த்துட்டேன் சார்."

"அப்போ கழட்டி எறி. அது இருக்கிற வரைக்கும் உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் மாற்றுச் சாவியை வாங்கிப் போனாள். சாமான்களுக்கு நடுவே கிடந்த பழைய சோபாவின் திண்டில், தலை அழுந்திய பள்ளம் இன்னும் மறையவில்லை.

திரும்பி வந்தவளிடம், "கழட்டிட்டியா?" என்றார்.

"இல்ல சார். இது சோபா மேல இருந்துச்சு."

மேஜையில் மூக்குக்கண்ணாடியை வைத்தாள்.

அவர் அதை எடுத்து, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையை உற்றுப் பார்த்தார்.

"அருமையான சென்சார்மா. கையெழுத்து எங்க போடணும்?"