கேமரா தூங்கும் நேரம்

குவைத்தில் வேலை பார்க்கும் லாரன்ஸ், செஞ்சியில் இருக்கும் மனைவியிடம் போனில் கத்தினான்.

“நீ வாசல் பெருக்குற கிளிப் தெனமும் பாதியிலயே நின்னுடுது. வாசல் கேமராவ இன்னாடி பண்ற?”

“சத்தியமா நான் தொடலீங்க.” என்றாள் செல்வராணி. போன லீவில் அவன் முறுக்கிய மணிக்கட்டு இன்னும் வலித்தது.

“நீ கேட்டத் தாண்டுறது கேமராவுல தெரிஞ்சா, ஒரு போன் போதும், தெருமுனையிலருந்து என் தம்பி வந்துடுவான். ஞாபகம் வெச்சிக்க.”

மாலையே கேமரா கடைக்காரரை அனுப்பிவைத்தான். அவர் ஸ்பீக்கரில் விளக்கினார்.

“ரிப்பேர் இல்ல சார். இது பேட்டரி கேமரா. ஆள் அசைஞ்சா கொஞ்ச நேரம் எடுக்கும். அப்புறம் சார்ஜ் மிச்சம் பண்ண ஒரு நிமிஷம் தூங்கிடும். அந்த நேரத்துல யார் வந்தாலும் போனாலும் பதிவாகாது.”

“அப்ப அவ மேல தப்பில்ல” என்றான் லாரன்ஸ்.

மறுநாள் காலை அவனுக்கு ஒரு கிளிப் வந்தது. செல்வராணி குனிந்து வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது. இந்த முறை அவன் கோபப்படவில்லை.

செஞ்சியில், கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்ததும் செல்வராணி துடைப்பத்தைக் கீழே போட்டாள். இத்தனை நாளும் பெருக்கிப் பெருக்கி அவள் பாதிதான் கண்டுபிடித்திருந்தாள். எவ்வளவு நேரம் தூங்கும் என்ற மீதியை அவனே ஆள் அனுப்பிச் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

கதவுக்குப் பின்னால் கட்டைப்பையை அணைத்தபடி நின்ற மகள் கிசுகிசுத்தாள்.

“அம்மா, தூங்கிடுச்சா?”

“தூங்கிடுச்சு. ஓடு!”