பூச்சுக்குப் பின்னால் ஒரு கல்

ஈரத்தில் ஊதிக் கிடந்த சுண்ணாம்புப் பூச்சை ஆய்வாளர் ஏவரில் கொத்துக்கரண்டி முனையால் நெம்பினாள். தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, சாரப் பலகையில் விழுந்து நொறுங்கியது.

பின்னால் ஒரு கல் தெரிந்தது.

ஆஸ்லிங்ஹாம் தேவாலயத்தின் வட்டக் கோபுரம் முழுக்க வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கற்கள்தான். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் வேறு கல் ஏது? மூலைக்கு வைக்கச் சதுரக் கல் கிடைக்காமல்தான் கோபுரத்தையே வட்டமாகக் கட்டினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

இது சதுரக் கல். முகத்தில் ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஓடும் ஒரு வரி.

நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்து ஐம்பது வருஷம் போலக் கழிந்த பிறகுதான் இங்கே கல்தச்சர்கள் அந்த வரியைச் செதுக்கத் தொடங்கினார்கள்.

பிற்காலத்தில் யாராவது செருகியிருக்கலாமே. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தாள். ஒரே சாந்து. கல்லுக்கு மேலும் கீழும் அறுபடாமல் போனது. கோபுரம் எழும்பியபோதே வைத்த கல்.

அவள் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

‘இந்தக் கோபுரத்தில் நார்மன் உளி பட்ட கல் ஒன்றுகூட இல்லை.’

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தன் ஆய்வேட்டில் அவள் எழுதிய வாக்கியம். நார்மன்காரர்கள் வருவதற்கு முன்பே கட்டிய கோபுரம் இது என்ற அவளுடைய முடிவு அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. டாக்டர் பட்டமும் பல்கலைக்கழக வேலையும் அதனால் வந்தவை. மறுத்துப் பேசிய ஓர் இளைஞனை ஒருமுறை மேடையிலேயே மடக்கி உட்காரவைத்தாள். அதன் பிறகு அவனை அந்தத் துறையில் யாரும் பார்க்கவில்லை.

ஊரும் அவளை நம்பியது. எல்லைப் பலகையில் அவள் சொன்ன ஆண்டைத்தான் பொறித்திருந்தார்கள். வருகிற மே மாதம் ஆயிரமாவது ஆண்டு விழா. அதற்காகத்தான் இந்தப் பழுதுபார்ப்பு. பூசுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று அவளையே அழைத்திருந்தார்கள்.

கைக்கெட்டும் தூரத்தில், ஈரச் சாக்கு மூடிய சாந்து வாளி இருந்தது. கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

இரண்டு கரண்டி போதும்.

“என்ன பொண்ணே, மேலேயே குடித்தனம் வெச்சுட்டியா? டீ ஆறிப் பச்சைத்தண்ணியாப் போச்சு!”

கீழே பெர்சி லார்ட்டர். எண்பத்து நான்கு வயது. தேவாலயத்துச் சாவி அவரிடம்தான். மாணவியாக அவள் சைக்கிளில் வந்து இறங்கிய கோடையில் அவளுக்கு ஏணி பிடித்தவர். அவர் மனைவி டோர்கஸ் மூன்று மாதம் அவளுக்குச் சாப்பாடு போட்டாள்.

ஏவரில் சாக்கை விலக்கினாள். கரண்டி நிறையச் சாந்தை எடுத்தாள். கல்லுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது.

அந்த இளைஞனின் முகம் ஞாபகம் வந்தது. காது சிவக்க, மேடையில் குறிப்புத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

சாந்தை வாளியிலேயே வழித்துப் போட்டுவிட்டு, கல்லைப் போனில் படமெடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அவர் நீட்டிய டீயை வாங்கவில்லை.

“பெர்சி, நான் தப்பா எழுதிட்டேன். நான் சொன்னதுக்கு நூறு வருஷம் கழிச்சுத்தான் கோபுரத்தைக் கட்டியிருக்காங்க. பலகை, விழா, எல்லாமே தப்பு.”

கிழவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். திருகி முடித்தும் கையை எடுக்கவில்லை.

“பல்லு பல்லா வரி போட்டிருக்குமே, அந்தக் கல்லா?”

கல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

“அந்த வருஷம் நீ போனப்புறம், பனியில பழைய பூச்சு உதிர்ந்துபோச்சு. திரும்பப் பூசினது நான்தான்” என்றார். “பார்த்ததுமே தெரிஞ்சுது. இந்த வரி இருந்தா நார்மன்னு ஏணியில நின்னுக்கிட்டு நீதானே சொல்லிக்கொடுத்தே. அன்னைக்குக் காலையிலதான் உன் கடுதாசி வந்திருந்தது. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு, பயத்துல தூக்கமே வரலேன்னு. டோர்கஸ் படிச்சுட்டு அழுதா.”

ஏவரில் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபம்தான். அப்போதே சொல்லியிருந்தால் அந்தப் பையன் தப்பித்திருப்பான். அவளும்தான்.

“தேர்வு முடியட்டும், அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னுதான் மூடினேன். அப்புறம் உனக்கு வேலை கிடைச்சுது. ஊர்ல பலகை வெச்சாங்க. வாரம் தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு. இப்ப டோர்கஸும் இல்ல. எனக்கப்புறம் இதைச் சொல்ல ஆள் வேணாமா? அதான் உன்னைக் கூப்பிட்டே ஆகணும்னு விழாக் கூட்டத்துல ஒத்தக்கால்ல நின்னேன்.”

அவள் போனில் எடுத்திருந்த படத்தை நீட்டினாள். பெர்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு பல்லுகூட உடையல” என்றார். “சாந்து ஒட்டிடக் கூடாதுன்னு, முதல்ல கல்லு மேல களிமண்ணு தடவிட்டுத்தான் பூசினேன். நீ வந்து எடுக்கறப்ப சிரமமில்லாம வரணும்ல.”