விரல் போன போக்கில்

"கொஞ்சம் இப்படி வாங்க. மெஷின் நின்னுபோச்சு."

ஆறு நாளில் லிப்ட் மெக்கானிக்கிடம் அவர் மனைவி பேசிய முதல் வார்த்தை இதுதான். இன்று மாலை அவளுடைய ஆபீஸில் அவளுக்கு விருது. 'வர்றீங்களா?' என்று போன வாரம் அவள் கேட்டதற்கு, 'டூட்டி' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

லிப்ட் மெக்கானிக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

"எந்த மாடியில?" என்றார் பழக்க தோஷத்தில்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்து அடங்கியது.

"யாரும் ஊகிக்க முடியாத எண்களா என் புரோகிராமுக்கு வேணும். கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கொடுக்கணும். கைவசம் சரக்கு இல்லைன்னு நிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்றது, எண்ணெய் விடவா?"

"கீபோர்டைத் தட்டுங்க. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல எத்தனை நேரம் ஆகுதுன்னு அது அளந்து வச்சுக்கும். மனுஷன் விரல் எப்ப விழும்னு யாருக்குத் தெரியும்? அதுதான் சரக்கு."

"நீயே தட்டலாமே?"

"நான் அடிச்சா எல்லாம் ஒரே சீரா விழும். நீங்க ஒத்த விரல்ல தேடித் தேடிக் குத்துவீங்க பாருங்க, அந்தத் தாறுமாறு வேற எங்க தேடினாலும் கிடைக்காது."

பாராட்டா, கேலியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்தார். திரை கன்னங்கரேலென்று இருந்தது. ஒன்றைத் தட்டிப் பார்த்தார். எழுத்து எதுவும் தெரியவில்லை.

"என்னத்தை அடிக்கிறது?"

"மனசுல வர்றதை. வாக்கியமா அடிங்க. எழுத்து என்னன்னு அதுக்கு அக்கறையே இல்லை, நடுவுல விடற நேரம்தான் கணக்கு. நான் துணியைக் காயப்போட்டுட்டு வந்துடறேன்."

வாளியையும் போனையும் எடுத்துக்கொண்டு அவள் பால்கனிக்குப் போய்விட்டாள்.

முதலில் லிப்ட் பாகங்களின் பெயர்களை வரிசையாக அடித்தார். பிறகு, கதவு மூடுவதற்குள் காலை நீட்டித் தடுக்கிற ஆட்களை ஆசைதீரத் திட்டினார். அதுவும் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு விரல் தன் போக்கில் போனது.

'டூட்டின்னு சொன்னது பொய். இன்னிக்கு எனக்கு லீவு.'

நிறுத்தி, பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஈரத் துணியை உதறும் சத்தம் கேட்டது. தொடர்ந்தார்.

'போன வருஷம் உங்க ஆபீஸ் விருந்துல கண்ணாடி போட்ட ஒருத்தர், என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டார். லிப்ட் ரிப்பேர்னு சொன்னேன். நீட்டின கையை பேன்ட் பைக்குள்ள விட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டார். என்னால உனக்குத் தலைகுனிவு வந்துடுமோன்னு பயம். மத்தபடி, உன் பேரைக் கூப்பிடறப்ப முதல் ஆளா கை தட்டணும்னு எனக்கும் ஆசைதான்.'

அடித்து முடித்துப் பெருமூச்சு விட்டார். நெஞ்சு லேசானது. யாரும் படிக்கப்போவதில்லை என்பதுதான் இதில் பெரிய நிம்மதி.

அவள் வந்தாள். இடுப்பில் காலி வாளி, கையில் போனும் இஸ்திரி போட்ட அவருடைய சட்டையும்.

"போதுமா?" என்றார்.

"தாராளமா. ஆறு மணிக்குக் கிளம்பணும், குளிச்சிட்டு வாங்க. முன் வரிசையில ரெண்டு சீட் சொல்லி வச்சிருக்கேன், முதல் ஆளா கை தட்டறதுக்கு அதுதான் வசதி. அந்தக் கண்ணாடிக்காரரைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவர் இப்ப எனக்குக் கீழதான் வேலை பார்க்கிறார்."

மெக்கானிக்கின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அடிப்பாவி, மெஷினுக்குச் சரக்கு வேணும்னுதானே என்னை உட்கார வச்சே?"

"மெஷினுக்கா? அதுக்குக் கேட்ட நொடியே வேணுங்கிறது கிடைச்சிடும்ங்க" என்றாள், அவர் அடித்த வரிகள் ஒளிர்ந்த போனைக் காட்டி, சட்டையை அவர் மடியில் போட்டபடி. "எனக்குத்தான் கேட்டு ஆறு நாளாகியும் கிடைக்கலை."